அடுத்த ஊரைப் பார்த்த பெட்டிகள்

மயிலாத்தாள் மைக் செட் வைத்திருந்தாள். மில் வேலையை விட்டுவிட்டு அவளிடம் தொழில் பழக வந்தவர் கிட்டுசாமி. வயதில் அவளைவிட ரொம்பவே மூத்தவர். அவளை அம்மிணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். யார் குரு, யார் சீடர் என்று புதிதாய் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் குழம்பும்.

கிட்டுசாமி தன் கையாலேயே ஒரு சோடி ஸ்பீக்கர் பெட்டி செய்திருந்தார். வீட்டில் பாட்டுக் கேட்கவும் அதுதான், கோயிலில் வைக்கவும் அதுதான். மனைவி வேலாத்தாளின் பாட்டைப் பதிந்து வீட்டில் போட்டால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போலவே இருக்கும். மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

அதே பெட்டிகள் நேற்று கோயிலில் வீலென்று அலறின. வேலாத்தாள் பாதிப் பாட்டிலேயே நிறுத்திவிட்டாள். நாலு பேர் முன்னால் அவள் பாடியது அதுதான் முதல் தடவை.

இன்றும் மார்கழிப் பனி. கோயில் கோபுரம் பாதிதான் தெரிந்தது. வேலாத்தாள் மைக் முன்னால் நின்றாள்.

"இன்னிக்கும் அது கத்துச்சுன்னா எனக்கு அடுப்படியே போதுஞ் சாமி. இனி இந்தப் பக்கம் கூப்புடாதீங்க."

கிட்டுசாமி மயிலாத்தாளிடம் வந்தார்.

"ஏனம்மிணி, ஒரே பெட்டி வீட்டுக்கும் கோயிலுக்கும் ஆவாதா? வேற வாங்கோணுமா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். பெட்டிகள் இரண்டும் வேலாத்தாளின் தலைக்கு மேலே வேப்பங்கிளையில் இருந்தன. கிட்டுசாமி அவற்றை வடக்கே பார்த்துக் கட்டியிருந்தார்.

"அங்க எதுக்குங்ணா?"

"பக்கத்து ஊருக்குக் கேக்கோணுமில்ல? போன வாரம் அவனுக நம்ம ஊரப் பாத்துத்தான வெச்சானுக."

"செரி. அங்க போயே கேட்டுட்டு வரலாம், வாங்க. அக்கா, நீங்க மெதுவாப் பாடிட்டிருங்க."

இருவரும் மஞ்சள் காட்டு வரப்பில் நடந்தார்கள். இலைகள் வெள்ளையில் மிதந்தன. பாட்டு கொஞ்ச தூரம் கூடவே வந்தது. வாய்க்காலைத் தாண்டியதும் அதில் வார்த்தை கரைந்துபோனது. அப்புறம் ராகமும் கரைந்தது. பனிக்குள் ஏதோ ஒரு சத்தம் மட்டும் நீளமாக இழுத்துக்கொண்டே இருந்தது.

பக்கத்து ஊர் முதல் வீட்டில் ஒருத்தி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பாட்டுக் கேக்குதுங்களா?" என்றார் கிட்டுசாமி.

"பாட்டுங்களா? யாரோ மாட்டக் காணோம்னு கூப்புடறாங்கன்னு நெனச்சேன்."

"அது எம் பொண்டாட்டிங்க."

"அடக் கடவுளே. மாடு கெடச்சிருச்சுங்களா?"

மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி வரும்போது கிட்டுசாமி அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

கோயிலில் பெட்டிகள் மறுபடி அலறி, பாட்டு நின்றிருந்தது. ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் காதைச் சுற்றிச் சேலையை இழுத்துவிட்டிருந்தார்கள். வேலாத்தாள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கிட்டுசாமி மரத்தில் ஏறிப் பெட்டிகளை இறக்கினார்.

"இப்ப எங்க பாத்து வெக்கறது, அம்மிணி?"

"வீட்டுல எங்க பாத்து வெச்சிருக்கீங்க?"

"நான் படுக்கற கட்டிலப் பாத்து."

கிட்டுசாமி ஜமுக்காளத்தைப் பார்த்தார். கடைசியில் ஒரு பெண், மடியில் குழந்தை தூங்க, சுவரில் சாய்ந்திருந்தாள். மைக்குக்கு முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெஞ்சு போட்டு, பெட்டிச் சத்தம் மறுபடி மைக்குக்குள் போகாதபடி, பெட்டிகளை அவளைப் பார்த்துத் திருப்பி வைத்தார். சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினார்.

"இந்த ஒரு தடவதான்," என்றாள் வேலாத்தாள்.

பாடினாள். மூச்சு இழுப்பது கேட்டது. காதிலிருந்து சேலைகள் ஒவ்வொன்றாய் நழுவின. கடைசிப் பெண்ணின் உதடுகள் கூடவே அசைந்தன. குழந்தை விழிக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்து, யாரும் கேட்காமலேயே வேலாத்தாள் அடுத்த பாட்டுக்குப் போனாள்.

கிட்டுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"பக்கத்து ஊருக்குக் கேக்காதில்ல, அம்மிணி?"

மயிலாத்தாள் ஜமுக்காளத்தின் ஓரத்து மடிப்பை விரித்துவிட்டாள்.

"வந்தாங்கன்னா உக்கார எடம் இருக்குதுங்ணா."