பூசணியின் கட்டி

அன்று காலை மடத்தில் இருந்தவர்கள் நாயையும் சேர்த்து நான்கு பேர்: அங்கயற்கண்ணி அம்மா, அவருடைய சீடர் குழந்தைவேலு, சமையல்காரன் சடையன், பூசணி. குரு சீடரைவிட இருபத்திரண்டு வயது இளையவர்.

துறவுக்கு முன் அம்மா கால்நடை மருந்தகத்தில் பதினோரு ஆண்டு கட்டுப் போட்டவர். குழந்தைவேலு தையல்காரராக இருந்தவர்.

பூசணியின் விலாவில் ஒரு கட்டி. அதைக் கண்ட நாளிலிருந்து குழந்தைவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் அதை இரண்டு விரலால் பிடித்து, துணியின் கனம் பார்ப்பதுபோல் கசக்கிப் பார்த்து, பிறகு அளவு நாடாவை வைப்பார். இருபது நாளில் ஒன்றேகால் அங்குலம் ஒன்றேமுக்கால் ஆகிவிட்டது. தொட வேண்டாம் என்று அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டார். அளக்காமல் எப்படித் தெரியும் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அன்று கசக்கியதும் கட்டி சிவந்து வீங்கியது. ஓரத்தில் இருந்த கீறல் வழியாக ரத்தம் கசிந்தது. நிற்கவில்லை.

குழந்தைவேலு ஒரு பழைய வேட்டியைப் பன்னிரண்டு கீற்றாகக் கிழித்தார். ஒன்றை வைத்து அழுத்துவார், எடுத்துப் பார்ப்பார், துடைப்பார், அடுத்ததை வைப்பார். எட்டுக் கீற்று நனைந்துவிட்டது. பூசணி அவர் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது.

சடையன் ஓடிப்போய் அம்மாவை அழைத்துவந்தான்.

“கையை எடுங்கள், ஐயா.”

“எடுத்தால் செத்துப்போகும், அம்மா.”

“இருபது நாளாக எடுக்கவில்லை. இன்றாவது எடுங்கள்.”

அம்மா ஒன்பதாவது கீற்றைப் பானைத் தண்ணீரில் நனைத்து, கட்டியின்மேல் பூப்போல வைத்தார். ஓரத்தைத் தூக்கிப் பார்க்கப் போன குழந்தைவேலுவின் விரலைப் பிடித்துக்கொண்டார். கட்டியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், கால்நடை டாக்டரைக் கையோடு அழைத்து வா என்று சடையனை டவுனுக்கு அனுப்பினார்.

பிறகு இருவரும் நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“எனக்குக் கத்தரி பட்டால் இரண்டு நிமிடத்தில் ரத்தம் உறைந்துவிடும். இதற்கு ஏன் உறையவில்லை?”

“தோலுக்குள் காவல் அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மடியிலும் ஒரு பொட்டலம். ஆபத்து என்று பட்டால் அவிழ்த்துக் கொட்டிவிடும். கொட்டிய இடம் வீங்கும். ரத்தம் உறையத் தயங்கும்.”

“எல்லார் தோலிலுமா?”

“எல்லார் தோலிலும். அங்கொன்று இங்கொன்றாக இருப்பதால் அது நல்லதுக்குத்தான், சீக்கிரம் அடங்கிவிடும். இந்தக் கட்டி முழுக்க அவைதான்.”

குழந்தைவேலு தன் இரண்டு விரல்களையும் பார்த்தார்.

“நான் ஆபத்தா, அம்மா? என் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தது இது.”

அம்மா நாயின் காதை நீவிவிட்டார்.

“அது பூசணிக்குத் தெரியும், ஐயா. காவல்காரனுக்கு உங்கள் விரல் மட்டும்தான் தெரியும்.”

குழந்தைவேலு நாடாவைச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்தார். ஈரத் துணியில் சிவப்பு மேலும் பரவவில்லை.

கீற்றுகளில் மீதி மூன்று.