நண்டு தள்ளி வைத்த உருண்டை

அந்தக் காலத்தில் கடற்கரை முழுக்கப் பேச்சும் வம்புமாகத்தான் இருந்தது. நண்டுக்கும் ஆமைக்கும் உள்ளான் குருவிக்கும் அப்போது வாய் இருந்தது. கடல் எதுவரை ஏறுகிறது என்று பார்த்துச் சொல்வது செம்பான் என்ற நண்டின் பொறுப்பு.

தண்ணீர் ஏறி இறங்கிய கையோடு, ஈரம் காய்வதற்குள், செம்பான் அந்தத் தூரத்தைத் தன் காலடியால் அளப்பான். பிறகு ஒரு மணல் உருண்டை உருட்டி மேட்டில் வரிசையில் வைப்பான். கூட ஏறிய நாளின் உருண்டை சற்று மேலே இருக்கும், குறைய ஏறிய நாளினது சற்றுக் கீழே. மொத்தத்தில் நூல் பிடித்தது போல இருக்கும். அவனுக்கு அதில் பெருமை.

ஒரு பௌர்ணமியன்று எழுநூறு அடி வந்தது. அதுவரை நானூறைத் தாண்டியதில்லை. அதற்கு உரிய இடத்தில், எட்ட, உருண்டையை வைத்தான்.

அந்தப் பக்கம் வந்த உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு சிரித்தது. "என்ன மாமா, இது மட்டும் கோவிச்சுக்கிட்டுப் போய் உக்காந்திருக்கு?"

"அளந்தப்ப அப்படித்தான்டா வந்துச்சு."

"எட்டுக் கால்ல எந்தக் காலை ரெண்டு தரம் எண்ணினீரோ!"

உள்ளான் போன பிறகும் அந்த உருண்டை செம்பானின் கண்ணை உறுத்தியது. எண்ணும்போது தப்பியிருக்கும். திரும்ப அளக்கலாமென்றால் ஈரம் காய்ந்துவிட்டது. கொடுக்கால் மெல்லத் தள்ளி வரிசையோடு சேர்த்தான். பார்க்க நன்றாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஆமை வந்தாள். "தம்பி, தண்ணி எதுவரைக்கும் ஏறும்? வயித்துல நூத்திப் பத்து முட்டை. ஒண்ணுகூட நனையக் கூடாது."

செம்பானுக்குத் தள்ளிய உருண்டை நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் வரிசை நேராக இருந்தது.

"நானூறுக்கு மேல ஏறாது அக்கா. ஐந்நூறுல குழி பறிங்க."

அடுத்த பௌர்ணமிக் காலையில் தண்ணீர் ஐந்நூறைத் தாண்டியது, அறுநூறையும் தாண்டியது. இறங்கும்போது முட்டைகளைக் கொண்டுபோனது.

ஆமை மேட்டின் முன் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "போன பௌர்ணமிக்கு எவ்வளவு ஏறுச்சு தம்பி?"

"எழுநூறு."

"அந்த உருண்டை எது? காட்டு."

செம்பான் வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினான். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. தள்ளியது எது என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. உள்ளான் அன்று சிரிக்கவில்லை.

"அழகா அடுக்கி வச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு ஆமை கடலுக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு ஆமை யாரையும் கேட்பதில்லை. தானே ஏறி வந்து மணலைத் தடவிப் பார்க்கிறாள். மனசுக்குச் சரியென்று படாவிட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடுகிறாள். நண்டும் அன்று முதல்தான், தண்ணீர் வடிந்ததும் வளையைச் சுற்றி உருண்டை உருண்டையாக உருட்டி வைக்கிறது. எவ்வளவு கோணலாக விழுந்தாலும், ஒருமுறை வைத்த உருண்டையை அது மறுபடி தொடுவதே இல்லை.