விசிலுக்குக் காத்திருந்த டிரைவர்

முதலில் தப்பு செய்தவன் வைரக்கண்ணு. அதில் மாசிலாமணிக்குச் சந்தேகமே கிடையாது.

அவருடைய மகள் கல்யாணத்துக்கு டிப்போவே திரண்டு வந்தது. டயர் கழற்றுகிறவர் வந்தார். பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத செக்கர்கூட வந்து, இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வைரக்கண்ணு வரவில்லை. ஏன் வரவில்லை என்று இந்த ஆறு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

வேறு யாராவது என்றால் மாசிலாமணி மறந்திருப்பார். இவர்கள் பத்தொன்பது வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடியவர்கள். முசிறி – துறையூர் தடம். மாசிலாமணி டிரைவர், வைரக்கண்ணு கண்டக்டர். விடிகாலையில் முதல் டிரிப்புக்கு முன்னால் ஒரு டீயை இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றிக் குடிப்பார்கள். மத்தியானம் இவர் டப்பாவை அவன் திறப்பான், அவன் டப்பாவை இவர் திறப்பார்.

வைரக்கண்ணுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வெண்ணிலா பிறந்தாள். அன்றைக்கு பஸ்ஸில் ஏறிய அத்தனை பேருக்கும் டிக்கெட்டோடு ஒரு கல்கண்டுக் கட்டியும் கொடுத்தான். "மெதுவா ஓட்டுடா. எல்லாரும் கரைச்சு முடிக்கட்டும்" என்றான். அந்த டிரிப் இருபது நிமிஷம் தாமதம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

வெண்ணிலா வளர்ந்தாள். பேச்சு வரவில்லை. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். புது ஆள் கிட்டே போனால் கடித்தாள். வைரக்கண்ணு வேறு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு போனான். டீ முழுக் கிளாஸாக ஆனது. மாசிலாமணிக்கு அது கசந்தது.

ரிடையரான பிறகு மாசிலாமணி காவிரிக்கரையில் ஒரு மடத்தில் வந்து சேர்ந்தார். மடத்துச் சாமி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவரையே குருவாகக் கொண்டார். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குச் சமையல்கட்டிலிருந்து சோறு சுமப்பது இவர் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்த பழைய டிப்போக்காரர் ஒருவர் சொன்னார்: "உன் கண்டக்டர் சம்சாரம் தெய்வானை வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. ஒன்றரை மாசம் எழுந்திரிக்கக் கூடாதாம். அந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு ஒத்தை ஆளா அல்லாடுறான்."

மாசிலாமணி நேரே சாமியிடம் போனார். கல்யாணத்துக்கு வராத கதையைச் சாமி முன்பே பல தடவை கேட்டிருந்தார்.

"சாமி, நான் போகணுமா?"

"யாரு வேணாம்னா?"

"தப்பு அவன் மேல. முதல்ல அவன் வந்து ஒரு வார்த்தை சொல்லணும். அப்புறம் நான் போறதுதானே முறை?"

"கல்யாணத்துக்கு எப்படிக் கூப்பிட்டீங்க?"

"முறையாத்தான். தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு, நானும் சம்சாரமும் நேர்ல போய்க் கூப்பிட்டோம். 'மேளச்சத்தம் பிள்ளைக்கு ஒத்துக்காது. யார்கிட்டயாவது விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் வந்திருங்க'ன்னு பக்குவமாச் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"என்ன சாமி?"

"யார்கிட்ட விட்டுட்டு?"

மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது அவன் பாடு. உதவிக்கு நான் தயங்கினவனா? என்ன வேணும்னாலும் கேளுடான்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். அவன் ஒரு தடவைகூட வாயைத் திறக்கலை. கண்டக்டர் ரெண்டு விசில் அடிக்காம நான் வண்டியை எடுக்க மாட்டேன் சாமி. என் சர்வீஸ்ல ஒருநாளும் எடுத்ததில்லை."

சாமி எழுந்தார்.

"ரெண்டாம் பந்தி உக்காந்தாச்சு. சோத்தைத் தூக்குங்க டிரைவரே. நானும் கூட வரேன்."

மாசிலாமணி இரண்டு பக்கமும் துணியைச் சுற்றிப் பிடித்துக் குண்டானைத் தூக்கினார். சோற்றில் ஆவி பறந்தது. சாமி கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

"டிரைவரே, ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க."

"சரிங்க சாமி."

முற்றத்தில் பாதி தூரம் போனதும் சாமி மறுபடியும் சொன்னார்: "நான் இருக்கேன். எப்ப வேணும்னாலும் கேக்கலாம்."

மாசிலாமணிக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. பந்திக்கூடத்துக் கதவு சாத்தியிருந்தது. துணியைத் தாண்டிச் சூடு விரலுக்கு வந்துவிட்டது.

"சாமி, கதவு..."

"ஆமா, கதவு. அதுக்கு என்ன செய்யணும்?"

"திறக்கணும்."

"தள்ளணுமா, இழுக்கணுமா? ஒரு பக்கம் போதுமா, ரெண்டு பக்கமுமா? எப்படின்னாலும் சொல்லுங்க, செய்யறேன்."

"கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? கை வேகுதுய்யா!"

உள்ளே பந்தியில் பேச்சு நின்றது. சாமி கதவைத் தள்ளித் திறந்தார். குண்டானை இறக்கி வைத்த மாசிலாமணி, சொன்னது யாரை என்று அப்போதுதான் உணர்ந்தார். கைகளைக் கூப்பினார்.

"சாமி, என்னை மன்னிக்கணும்..."

"வைரக்கண்ணு உங்களை ஒருநாளாவது இப்படித் திட்டியிருக்காரா?"

"இல்லை சாமி."

"வெண்ணிலாவுக்கு இப்ப என்ன வயசு?"

"பதினாறு."

சாமி ரச வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குள் போய்விட்டார்.

அன்று மாலை மாசிலாமணி பஸ் ஏறினார். திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. வந்ததும் சாமி முன்னால் உட்கார்ந்தார்.

"போனீங்களா?"

"போனேன். வாசல்ல நின்னு 'என்னடா வேணும்'னு கேக்க வாயெடுத்தேன். மூடிக்கிட்டேன். கொல்லைப்பக்கம் போனா ரெண்டு பக்கெட் துணி ஊறிக் கிடந்தது. உக்காந்து துவைச்சேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'காலர்ல அழுக்கு அப்படியே இருக்கு. நீ ஸ்டியரிங் பிடிக்கத்தான் லாயக்கு'ன்னான்."

சாமி சிரித்தார். "பிள்ளை?"

மாசிலாமணி முன்கையை நீட்டினார். பல் பதிந்த தடம் ஆறிக்கொண்டிருந்தது.

"இது முதல் நாள். மூணாம் நாள் பக்கத்துல உக்கார விட்டது. நாலாம் நாள் என் துண்டைப் பிடிச்சு ஓரம் ஓரமா நூல் உருவிக்கிட்டே இருந்தது. சாயங்காலம் வரைக்கும் ஒரு சத்தமில்லை. 'குளிச்சிட்டு வரேன், அஞ்சு நிமிஷம் பாத்துக்கோ'ன்னு போனான் வைரக்கண்ணு. தலையைத் துவட்டிக்கிட்டே கட்டில்ல சாஞ்சவன் நாலு மணி நேரம் தூங்கினான் சாமி. வாயைத் திறந்துக்கிட்டு, கடைசி டிரிப் முடிஞ்சு பின்சீட்ல தூங்குவானே, அதே மாதிரி."

துண்டின் நூல் பிரிந்த ஓரத்தை விரலால் நீவிவிட்டார். பிறகு முகம் பழையபடி இறுகியது.

"ஆனா ஒன்பது நாளும் கல்யாணத்தைப் பத்திப் பேச்சே எடுக்கலை. வராதது தப்புதான்டான்னு ஒரு சொல். கிளம்பும்போதாவது வரும்னு நின்னு பார்த்தேன். 'புதன்கிழமை தெய்வானைக்குக் கட்டு மாத்தணும்'னான். அவ்வளவுதான்."

"நீங்க?"

"வரேன்னு சொல்லிட்டேன். அது வேற. அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவேண்டியது சாமி. அதை நான் விடறதா இல்லை."

"விடாதீங்க டிரைவரே" என்றார் சாமி. "ஆனா சீக்கிரமா வாங்கியும் முடிச்சிராதீங்க. அது பாக்கியிருக்கிற வரைக்கும் அந்த வீட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பீங்க."