மைக்குக்காரர் பார்த்த மௌனப்படம்

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய படம் போடுவார் தில்லைநாயகி டீச்சர். சினிமாவை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுப்பதுதான் அவர் வேலை. அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் பொன்னுரங்கம் கொஞ்சம் விசேஷம். டீச்சரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக்செட் போடுகிறவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல்.

மௌனப்படத்தில் நடுநடுவே எழுத்து வருமல்லவா? வெளிநாட்டு எழுத்து. டீச்சர் அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். பொன்னுரங்கம் திரைக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் வாசிப்பார். அழுகிற இடத்தில் அழுவார், சண்டை வந்தால் உறுமுவார். கூட்டம் கை தட்டும். மனுஷனுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டார். கையில் ஒரு பை, புடைத்துக்கொண்டு.

"என்ன அண்ணாச்சி, வெளியூரா?"

"படம் முடிஞ்சதும் தூத்துக்குடிக்கு பஸ் ஏறுதேன் டீச்சர். தம்பி வீட்டுக்கு. இனிமே அங்கனதான்."

"இசக்கியம்மா மதினி வரலையா?"

"அவ என்கூடப் பேசி ஒரு வாரமாச்சு. சின்னச் சண்டதான். நானும் எத்தன நாளு செவுத்தோட பேச? கல்யாணமான நாள்லேருந்து, உங்க மேல உசுரா இருக்கேன்னு இசக்கியம்மா ஒரு வார்த்த சொன்னதில்ல."

பேசிக்கொண்டே பைக்குள் கையை விட்டு பிளாஸ்கை எடுத்தார். மூடியில் ஊற்றி ஒரு மடக்குக் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். பிரியம் இருந்தா வாயத் தொறந்து சொல்ல மாட்டாளா?"

டீச்சர் பிளாஸ்கைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"இன்னைக்கு வேற படம் போடுதேன் அண்ணாச்சி," என்றார்.

அது யாருக்கும் பேர் தெரியாத ஒரு காதல் படம். பேசும்படம் வந்த வருஷத்தில் வந்தது. ஜனமெல்லாம் பேச்சைக் கேட்க ஓடிவிட்டதால் இதைச் சீந்த ஆளில்லை. தாளைப் பார்த்ததும் பொன்னுரங்கத்தின் முகம் சுருங்கியது.

"என்ன டீச்சர், அரைப் பக்கங்கூட இல்ல?"

"அவங்க அவ்வளவுதான் பேசுதாங்க."

படம் ஓடியது. ஒருவன் டிராம் ஓட்டுகிறான். அவன் போகிற தெருவில், மாடியில் ஒரு தையல்காரி. டிராம் வரும்போதெல்லாம் ஜன்னல் திரைச்சீலையை விலக்கிச் சிரிப்பாள். அப்புறம் இருவருக்கும் சண்டை. டிராம் வருகிறது, போகிறது. சீலை விலகவே இல்லை.

வெகுநேரம் எழுத்தும் வரவில்லை. பொன்னுரங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட்டம் எழுந்து போய்விட்டால் என்ன ஆவது? தாளில் அடுத்த வரியைத் தேடிக்கொண்டே சொந்தச் சரக்கை எடுத்துவிட்டார்.

"அந்தோ! கல்நெஞ்சக்காரி! அவனை அடியோடு மறந்துவிட்டாள்!"

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள்.

"யோவ், மறக்கலய்யா! வெளக்கு எரியுதுல்லா, பாத்துச் சொல்லும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் காட்சி மாறிவிட்டது.

எல்லாரும் போனபிறகு கேட்டார்.

"எந்த வெளக்கு டீச்சர்?"

டீச்சர் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கி வைத்தார். தாளையும் வாங்கிக்கொண்டார். முன்வரிசை நாற்காலியைக் காட்டினார். அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டார்.

டிராம் தெருமுனையில் திரும்புகிறது. மூடிய சீலைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரியத் தொடங்குகிறது. டிராம் கடந்து போகும்வரை எரிகிறது. போனதும் அணைகிறது. மறுநாளும் அப்படியே. அவன் அண்ணாந்து பார்க்கிறான். மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறான். ஒரு எழுத்தும் கிடையாது.

பொன்னுரங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அடடா, என்னா படம்! இத எவனும் பாக்காம விட்டுட்டானே! நானும்லா தாளப் பாத்துக்கிட்டு நின்னுருக்கேன்."

பிறகு பெருமூச்சு விட்டார்.

"படத்துல எல்லாம் சரிதான் டீச்சர். நம்ம வீட்டுல யாரு வெளக்கு ஏத்துதா?"

தொண்டையைச் செருமினார். பழக்கத்தில் கை பைக்குள் போனது. பிளாஸ்கை எடுத்து மூடியில் ஊற்றினார். ஆவி பறந்தது.

"என்ன அண்ணாச்சி அது?"

"சுக்குத்தண்ணி. கருப்பட்டி போட்டது. மைக்குல பேசுத அன்னைக்கு இது இல்லன்னா தொண்ட கட்டிரும்."

"யாரு போட்டது?"

"யாரு போடுவா? அவதான் எப்பவும்..."

"பையில யாரு வச்சது?"

"துணிமணி எல்லாம் நாந்தான் வச்சேன். பிளாஸ்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

மூடி கையிலேயே இருந்தது. டீச்சர் ஒயர்களைச் சுருட்டினார். மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார் பொன்னுரங்கம். பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நான் வீட்டுக்குப் போறேன் டீச்சர்."

"சரி அண்ணாச்சி."

"அடுத்த வாரமும் இந்தப் படத்தப் போடுங்க. அவளக் கூட்டிட்டு வாரேன். பாவம், அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது. பக்கத்துல உக்காந்து நான் ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லுதேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. மைக்க மட்டும் வீட்டுல வச்சிட்டு வாங்க."