மீன்கொத்தி ஏன் கேக்காம கொத்துது

இல்லைங்க சார், நான் ஒத்துக்க மாட்டேன். மீன்கொத்தி அவசரம் புடிச்ச பறக்காவெட்டியாம், கொக்கைப் பாத்து நாங்க பொறுமையைக் கத்துக்கணுமாம். கொக்கு எதுக்கு அப்படி நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? உக்காருன்னு சொல்லாதீங்க. நின்னுக்கிட்டே சொல்றேன்.

அந்தக் காலத்துல, பறவைங்க பேசிக்கிட்டிருந்தப்ப, மீன்கொத்தி மாதிரி நிதானமா மீன் வாங்குற ஆளே கிடையாது. கொக்குதான் குளத்துல மீன் வியாபாரி. மீனுக்குத் தும்பிதான் விலை. மீன்கொத்தி வரிசையில நிக்கும், செவுளைத் தூக்கிப் பாக்கும், புதுசுதானான்னு கேக்கும், அப்புறம்தான் வாங்கும்.

ஒரு கோடையில குளம் வத்திக் குட்டையாயிடுச்சு. கரைப் பொந்துக்குள்ள மீன்கொத்தியோட குஞ்சுங்க பட்டினி. விடிஞ்சதும் அது தும்பியோட மொத ஆளா வந்து நின்னுச்சு.

"மீன் தீந்துபோச்சு தங்கச்சி"ன்னுச்சு கொக்கு.

சரின்னு ஒதுங்கி நின்னுச்சு. பின்னாடியே கூழைக்கடா வாய் நிறையத் தும்பியோட வந்துச்சு. அதுக்கு மட்டும் மீன் கிடைச்சுது.

"அண்ணே, நான் முன்னாடியே வந்தவ."

"அவரு நேத்தே சொல்லிவச்சாரு. நீ பொறு."

உச்சிவெயில் வரைக்கும் பொறுத்துச்சு. பொந்துலேருந்து கேட்ட சத்தம் ஒவ்வொண்ணா அடங்குச்சு. கடைசியா ஒரே ஒரு குஞ்சோட குரல்தான் மிச்சம்.

"ஒரு மீன் போதும் அண்ணே. அழுகினதா இருந்தாலும் குடு."

"என்னை நம்பலையா? இதோ பாரு." கொக்கு ஒரு காலைத் தூக்கிக் காட்டுச்சு. அடியில வெறும் சேறு.

"அந்தக் காலு?"

"அது சுளுக்கு. தூக்க முடியாது."

"சுளுக்குன கால்லயா அண்ணே நிக்கிறே?"

அந்தக் காலுக்கு அடியில, சேத்துக்குள்ள ஒரு வால் துடிச்சுது.

மீன்கொத்தி அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல. தும்பியைக் கொக்கு முன்னாடி போட்டுச்சு. மேல எழும்பி, தலைகீழாப் பாஞ்சு, மீனைக் கொத்திக்கிட்டுப் போயிடுச்சு. கிளையில ரெண்டு அடி அடிச்ச பிறகுதான் செவுளையே பாத்துச்சு. மீனோட பொந்துக்குப் போனப்ப, அந்தக் கடைசிக் குஞ்சு அப்பவும் உயிரோட வாயைத் திறந்துதான் வச்சிருந்துச்சு.

அன்னிக்கிலிருந்துதான் மீன்கொத்தி ஒரு வார்த்தை கேக்காம கொத்திக்கிட்டுப் போகுது. நல்லதா கெட்டதான்னு பாக்குறதெல்லாம் கிளைக்குப் போய்தான். கொக்கும் அன்னிக்கிலிருந்துதான் ஒத்தக்கால்ல நிக்குது. அதைத்தான் நீங்க பொறுமைங்கிறீங்க.

சரி சார், நாளைக்கு வகுப்பு மொத்தத்தையும் குளக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. எல்லார் முன்னாடியும் அந்தக் கொக்கைக் கேளுங்க. இன்னொரு காலையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்க.