உலைக்கு முதல் இரும்பு

மலையடிவாரத்து மடத்துக்குள் ஒரு கார் வந்து நின்றது. வார்ப்புப் பட்டறை முதலாளி நாச்சிமுத்து டிக்கியைத் திறந்து, சாக்கில் சுற்றிய ஒரு பம்பை இறக்கி வேப்பமரத்தடியில் வைத்தார். மூச்சு வாங்கியது.

மடத்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் நாச்சிமுத்துவைவிட வயதில் இளையவர். நாச்சிமுத்து பல வருடங்களாக அவருடைய சீடர்.

"சாமிக்கு இரும்பு படைக்க வந்தீங்களா?"

"இது இங்கயே இருக்கட்டுங்கம்மா. ஒரு மூலையில சும்மா கிடக்கட்டும்."

"உங்க வீட்டில மூலை இல்லையா?"

"மக கண்டுபிடிச்சிருவாளுங்க."

அம்மா கீரையை ஒதுக்கி வைத்தார். நாச்சிமுத்து சொல்லத் தொடங்கினார்.

தாத்தா வார்த்தது, மாடு கட்டி நீர் இறைக்கும் கமலைக் கிணற்றுக்கு உருளை. அப்பா அதை விட்டுக் கரும்பாலை உருளைக்கு மாறினார். நாச்சிமுத்து பம்புக்கு மாறினார். பிறகு கிணறுகள் வற்றின. பம்பு கேட்டு யாரும் வரவில்லை. இப்போது மகள் மேகலா காற்றாலைப் பாகங்கள் வார்க்கப் போகிறாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பொருளுக்கு உலை மூட்டும்போது, பழைய பொருளில் கடைசியாகச் செய்ததை முதலில் உலைக்குள் போட வேண்டும். செய்தவரே தம் கையால் போட வேண்டும்.

"நாளைக்குக் காலையில உலை மூட்டறா. கடைசி பம்பு எங்கே அப்பான்னு கேட்டா. தெரியலைன்னுட்டேன்."

"நம்பினாளா?"

"சிரிச்சாளுங்க. நீங்க வர்ற வரைக்கும் உலை காத்திருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டா. இந்தக் காற்றாலை ஆர்டரும் போனா பட்டறையே இல்லீங்க. அது தெரிஞ்சும் எடுத்துட்டு வந்துட்டேன்."

அம்மா பம்பின் மேல் கையை வைத்தார்.

"நீங்க பம்புக்கு மாறின அன்னைக்கு உங்கப்பா போட்டாரா?"

"போட்டாருங்க. கரும்பாலை உருளை ஒண்ணு. யாரையும் தொட விடலை."

"அப்ப அவர் முகம் எப்படி இருந்தது?"



வேப்பம்பூ சாக்கின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"நான் பார்க்கலீங்கம்மா. முதல் வார்ப்பு சரியா வருமான்னு பயம். நெருப்பையே பார்த்துட்டு நின்னேன். 'உருகிருச்சா'ன்னு ஒரு தடவை கேட்டார். பதில் சொன்னேனான்னுகூட ஞாபகம் இல்லை. இப்பச் சொல்லலாம்னா அவர் இல்லை."

"மேகலாவும் நெருப்பைத்தான் பார்ப்பா."

அம்மா எழுந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்தார்.

"ஒரு கை பிடிங்க."

இருவரும் பம்பைத் தூக்கித் திரும்பக் காரில் வைத்தார்கள். டிக்கியை மூடிய பிறகும் நாச்சிமுத்து அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்ப என் முகத்தை யாரும்மா பார்ப்பாங்க?"

"உங்கப்பா முகத்தை நீங்க இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தானே பார்த்தீங்க."