கொற்றி கேட்ட நிலம்

கேளுங்கள் மக்களே, கடலை நம்பி ஊர்கள் பிழைத்த காலத்துக் கதை இது. அலைக்கோட்டை என்றொரு துறைமுகம். அதை ஆண்டவள் செங்கோதை என்னும் அரசி.

அந்த ஊரில் கொற்றி என்றொருத்தி தேங்காய் நாரைத் திரித்துக் கயிறு விற்றாள். அவளைப் போலவே இன்னும் பல வீட்டார். கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, பாய்மரக் கயிறு எல்லாம் திரிப்பார்கள். கப்பலைக் கரையில் கட்டும் பெரிய வடம் மட்டும் திரிக்க முடியாது. வடத்தின் நீளத்துக்கு நேரான நிலம் வேண்டுமே! கயிறு விற்பவர்களில் அது பெருவணிகர் வேள்நம்பியிடம் மட்டும்தான் இருந்தது. வடம் வாங்க அவரிடம் போன கப்பல்காரர்கள், சிறு கயிறுகளையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். சிறு வீடுகளில் அடுப்பு எரியவில்லை. பலர் ஊரைவிட்டுக் கிளம்ப மூட்டை கட்டினார்கள்.

செய்தி அரசியின் காதுக்கு எட்டியது. முதலில் வீட்டுக்கு வீடு நெல் அனுப்பினாள். நெல் தீர்ந்தது, பசி திரும்பி வந்தது.

அடுத்து, சிறு கயிறுகளைச் சிறு வீடுகளில்தான் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டாள். எப்படியும் விற்றுவிடும் என்றானதும் முறுக்குத் தளர்ந்தது. ஒருநாள் பாய்மரக் கயிறு அறுந்து மாலுமி ஒருவன் கடலில் விழுந்தான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

அன்றே கொற்றி அரண்மனைக்குப் போனாள். ஆணையை எடுத்துவிடும்படி கேட்டாள். அவை திகைத்தது. அவள் சோற்றில் அவளே மண்ணைப் போடுகிறாளே!

"பிறகு எப்படிப் பிழைப்பீர்கள்?" என்றாள் அரசி.

"எங்களுக்கு நீளமான நிலம் இல்லை, தாயே. அது கிடைத்தால் எங்கள் கயிற்றைப் பார்த்து வாங்கட்டும். பாவம் என்று பார்த்து வாங்க வேண்டாம்."

ஊரில் அப்படிப்பட்ட வெளி இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அரசியின் குதிரைகள் ஓடும் வெளி. அரசி ஆணையை நீக்கினாள். காலைப் பொழுதில் அந்த வெளியில் யார் வேண்டுமானாலும் வடம் திரிக்கலாம் என்று பறையறைவித்தாள்.

மூட்டை கட்டியவர்கள் அவிழ்த்தார்கள். பல வீட்டு நாரும் சேர்ந்து ஒரே வடமாயிற்று.

விற்பனைக்கு முன் சோதனை நடந்தது. வேள்நம்பியின் வடத்தை ஒரு யானை இழுத்தது, அறவில்லை. கொற்றியின் வடத்தை இன்னொரு யானை இழுத்தது. கொற்றி கண்ணை மூடிக்கொண்டாள். அதுவும் அறவில்லை. கப்பல் தலைவன் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இரண்டிலும் பாதி பாதி எடுத்துக்கொள்கிறேன்."

அந்த வருஷம் முதல் வேள்நம்பியும் முன்னைவிட இறுக்கமாகத் திரித்தார்.

கொற்றி ஒரு வடத்தைக் காணிக்கையாகக் கொண்டுபோனாள். அரசி வாங்கவில்லை; விற்றுப் பிழைக்கச் சொன்னாள். நன்றியை எப்படித்தான் காட்டுவது? தினமும் வேலை முடிந்ததும் கொற்றியும் மற்றவர்களும் அந்த வெளி முழுவதையும் பெருக்கினார்கள், ஒரு நார்த் துண்டும் குதிரைக் குளம்பில் சிக்காதபடி. யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

சிறு தொழில் செய்பவருக்குப் படியளப்பதைவிட, பெரியவரோடு சமமாக நின்று போட்டியிட இடம் கொடுப்பதே நிலைத்த உதவி.